பெட்டியின் படம் போட்டீர்கள், அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் தையல் பழகும் பெண்கள் நால்வர், திங்கட்கிழமை காலையில் உங்கள் ஞாயிறு இணைப்பை மடித்து எடுத்துவந்து துணி வெட்டும் மேசைமேல் விரித்தார்கள். தேனீ வளர்ப்பு பற்றிய பக்கம். நான்கு விதப் பெட்டிகளின் வண்ணப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. "இதில் எதை வாங்கலாம், அக்கா?" என்று நால்வரும் நான்கு படங்களில் விரல் வைத்தார்கள். வெட்டக் குறித்திருந்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு முழுக் கட்டுரையையும் படித்தேன். "உங்கள் மனத்துக்குப் பிடித்த பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்" என்று முடிகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

38 ஆண்டுகளாக நான் தையல்காரி. 14 ஆண்டுகளாகத் தேனீயும் வளர்க்கிறேன். தைக்க வருகிறவர்களிடம் பிடித்த நிறம் எது என்று கேட்பேன். பிடித்த தோள் அளவு எது என்று கேட்டதில்லை. அதை நாடாதான் சொல்லும். உங்கள் பக்கத்தில் நான்கு படங்கள் இருந்தன, ஓர் அளவுகூட இல்லை. எந்தப் பெட்டி எந்தத் தேனீக்கு என்ற பேச்சும் இல்லை.

என் முதல் பெட்டியை நானும் மனத்துக்குப் பிடித்துத்தான் வாங்கினேன். விற்பனையாளரிடம் இருந்தவற்றில் பெரியது, வெள்ளை வண்ணம் பூசியது, தேனீ அடை கட்டுவதற்கான மரச்சட்டங்கள் பத்துக் கொண்ட லாங்ஸ்ட்ராத் பெட்டி. அதில் நான் குடிவைத்ததோ மூன்று அடை அளவுக்கு மட்டுமே ஆள்பலம் கொண்ட இந்தியத் தேனீக் குடும்பம். லாங்ஸ்ட்ராத் பெட்டி இத்தாலியத் தேனீக்கு ஏற்றது. அதில் முட்டையும் புழுவும் வளரும் அடைகாப்புச் சட்டத்தின் மேல்கட்டை 48 சென்டிமீட்டர் நீளம். இந்தியத் தேனீக்காக நியூட்டன் பாதிரியார் அமைத்த பெட்டியில் சட்டத்தின் உள் நீளம் சுமார் 21 சென்டிமீட்டர், உயரம் சுமார் 14.5 சென்டிமீட்டர், அதுவும் ஏழே சட்டங்கள். பரப்பில் பார்த்தால், பெரிய சட்டம் ஒன்று சிறிய சட்டம் கிட்டத்தட்ட மூன்றுக்குச் சமம். பிறந்த குழந்தைக்குப் பெரியப்பாவின் கோட்டை மாட்டிவிட்டு நான் தூர நின்று அழகு பார்த்திருக்கிறேன்.

பாவம், அவை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. புழுக்கள் வளரும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். பஞ்சணையை மூடுவதுபோல உடம்பால் மூடித்தான் அதைக் காக்கின்றன. மூட ஆளில்லாத வெற்றுச் சட்டங்களில் அடை கட்டத் தொடக்கமாக நான் பதித்திருந்த, அறை வடிவம் அச்சிட்ட மெழுகுத் தாள்களில் மெழுகு தின்னும் அந்துப்பூச்சி புகுந்தது. அந்தத் தாள்களும் இத்தாலியத் தேனீயின் அச்சு. அடையில் அதன் வேலைக்காரத் தேனீயின் அறை ஏறக்குறைய 5.3 மில்லிமீட்டர் அகலம். இந்தியத் தேனீயின் அறை 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 19ஆம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். கைப்பிடி அளவுக்கு ஓர் அடை, அதில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு தேனீ இல்லை. ஓடிப்போகத் தீர்மானித்தால் இந்தியத் தேனீ இருக்கும் தேனையெல்லாம் வயிற்றில் கட்டிக்கொண்டுதான் கிளம்பும். விற்றவரிடம் போய்ச் சொன்னேன். "பெட்டி எல்லாம் பெட்டிதானே அம்மா, தேனீக்கு என்ன தெரியும்?" என்றார்.

தேனீக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தச்சர். எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

இரண்டாவது பெட்டியைச் சிறிய அளவில் அவரிடம் செய்யச் சொன்னேன். மாதிரிக்கு ஒரு பெட்டியையும் இரவல் வாங்கிக் கொடுத்திருந்தேன். நல்ல வேலைக்காரர், மூலைப் பொருத்துகளில் தாள் நுழையாது. ஆனால் தேன் சேரும் மேல் பெட்டியான தேன் அறையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். அடைகாப்பு அறையின் சட்டத்துக்கும் அதன்மேல் உட்காரும் தேன் அறையின் சட்டத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 13 மில்லிமீட்டர் இருந்தது. நாடாவை வைத்துக் காட்டினேன். "அஞ்சு மில்லிதானே அக்கா, காற்றோட்டமாக இருக்கட்டும்" என்றார். "தம்பி, அஞ்சு மில்லி பிசகினால் கழுத்துப்பட்டை கழுத்தில் உட்காராது" என்றேன். "தேனீக்குக் கழுத்துப்பட்டையா தைக்கப் போகிறீர்கள்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன். அங்கேதான் தவறு.

இரண்டு மாதம் கழித்துத் தேன் அறையைத் தூக்கினேன். வழக்கத்தைவிடக் கனம். தேன் நிறைந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டே மார்பளவு உயர்த்தியபோது, அடியில் துணி கிழிவதுபோல நீளமாக ஒரு சத்தம். கீழே இருக்க வேண்டிய அடைகாப்புச் சட்டங்களில் இரண்டு, தேன் அறையோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி வந்திருந்தன. அந்த 13 மில்லிமீட்டர் சந்தில் தேனீக்கள் மெழுகுப் பாலம் போட்டு மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒன்றாகத் தைத்துவிட்டிருந்தன. என் கையெல்லாம் தேன். ஒரு சட்டம், அது தொங்கும் முனையான காது உடைந்து மற்ற சட்டங்களின்மேல் விழுந்தது. மூடியிருந்த புழு அறைகள் பிளந்து வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுக்கள் சிதறின. இராணி அந்தச் சட்டத்தில்தான் இருந்திருக்க வேண்டும், பிறகு அவளைக் காணவே இல்லை. மூன்றாம் நாள் திறந்தபோது புது இராணியை வளர்க்க அவசர இராணி அறைகளைக் கட்டத் தொடங்கியிருந்தன.

1851இல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் உணர்ந்துகொண்டது இந்தச் சந்தின் கணக்கைத்தான். தேனீ நடமாட விடும் இடைவெளி ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும், கூடினால் மெழுகால் அடை கட்டிவிடும். இந்தக் கணக்கை எல்லாப் பக்கமும் விட்டுவைத்தால் சட்டம் எதனோடும் ஒட்டாமல் தொங்கும், கையால் எடுக்கலாம், திருப்பி வைக்கலாம். 1852இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, எல்லாவற்றையும் மெழுகாலேயே முடித்துக்கொள்ளும். உடல் சிறிதாகையால் அதற்கு இடைவெளியும் சற்றுக் குறைவு. இத்தாலியத் தேனீயின் அடைகள் நடுவுக்கு நடு சுமார் 35 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். இந்தியத் தேனீயினுடையவை 30, 32 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். லாங்ஸ்ட்ராத்துக்கும் முன்னால் ஸ்விட்சர்லாந்தில் ஹூபர் என்றொருவர், புத்தகத்தின் ஏடுகள்போல விரியும் பெட்டி செய்து தேனீயின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்தார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. உதவியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர் புரிந்துகொண்டார். பார்வையற்றவர் செய்த பெட்டியில் ஒழுங்காக இருந்த அளவு, நாடாவைக் கையில் வைத்திருந்த என் பெட்டியில் இல்லை.

ஆகவே உங்கள் கட்டுரையாளருக்கு என் முதல் வேண்டுகோள். "எந்தப் பெட்டி?" என்று யாராவது கேட்டால், "உங்களிடம் வரப்போவது எந்தத் தேனீ?" என்று திருப்பிக் கேளுங்கள். கொசுத்தேனீ என்றால் இந்த நான்கு பெட்டிகளில் ஒன்றுமே உதவாது. அது அடை கட்டுவதில்லை, சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் தேனை வைக்கும். அதற்குச் சட்டமும் வேண்டாம், மெழுகுத் தாளும் வேண்டாம்.

அடுத்தது முதுகு. இதைத் தேனீப் பெட்டி பற்றி எழுதுகிறவர்கள் ஏனோ கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். லாங்ஸ்ட்ராத்தின் ஆழமான அறை ஒன்று தேன் நிறைந்தால் 40 கிலோவைத் தொடும். நடுத்தர உயர அறை 25 கிலோ அளவுக்கு வரும். அதையும் முதுகை வளைத்து, தேனீ நசுங்காமல் மெதுவாக, இரு கைகளையும் முன்னால் நீட்டியபடி தூக்க வேண்டும். 38 ஆண்டுகள் எந்திரத்தின் முன் குனிந்த முதுகு அதற்கு ஒப்பவில்லை. இத்தாலியத் தேனீ வளர்க்கும் என் தோழி ஒருத்தி, எட்டுச் சட்டங்கள் கொண்ட நடுத்தர உயர அறைகளையே மேலும் கீழும் எல்லா இடத்திலும் வைத்திருக்கிறாள். அடைகாப்புக்கும் அதுவே, தேனுக்கும் அதுவே. எந்தச் சட்டத்தையும் எந்த அறையிலும் மாற்றிப் போடலாம். அறைகளின் எண்ணிக்கை கூடும், வேலையும் கொஞ்சம் கூடும். ஆனால் அறுபது வயதிலும் அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. அந்த யோசனையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தூக்கவே வேண்டாம் என்றால் படுக்கைவாட்டுப் பெட்டி இருக்கிறது. உங்கள் இரண்டாம் படம். கென்யாவில் 1970களில் பரவலான வடிவம். மேலே வரிசையாகக் கட்டைகள் மட்டும், சட்டம் இல்லை, மெழுகுத் தாள் இல்லை. ஒவ்வொரு கட்டையிலிருந்தும் தேனீயே தன் விருப்பப்படி அடையைத் தொங்கவிடும். ஒரு நேரத்தில் ஓர் அடையை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், மற்றவை மூடியே இருக்கும், தேனீயும் கலவரப்படாது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். பிடித்த பெட்டி என்று சொல்வேன். ஆனால் கட்டையின் அகலம் தப்பினால் அடைகள் குறுக்கே ஓடி இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றாகக் கோத்துவிடும். முதல் சில வாரங்கள் அடிக்கடி திறந்து, கோணலான அடையைச் சிறியதாக இருக்கும்போதே விரலால் நேராக்கிவிட வேண்டும். தேன் எடுக்க அடையை வெட்டிப் பிழிய வேண்டும். சட்டத்தைச் சுழற்றித் தேனைப் பிரிக்க 1865இல் ஹ்ருஷ்கா என்பவர் காட்டிய சுழற்சிக் கருவி இதற்கு உதவாது, சட்டம் இல்லாத அடை அதில் உடைந்துவிடும். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறேழு கிலோ தேன் செலவாகும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அடையைத் திருப்பித் தராவிட்டால் அந்தச் செலவு தேனீ தலையில்தான் விழும்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புது அடை வெண்ணெய்போல மென்மையாக இருக்கும். கட்டையைப் பிடித்து அடை தொங்கியபடியே பார்க்க வேண்டும். மறுபக்கம் பார்க்க விரும்பினால், கட்டையின் ஒரு முனையை மேலே உயர்த்தி, அடை எப்போதும் செங்குத்தாகவே இருக்கும்படி சுற்ற வேண்டும். புத்தகத்தைப் படுக்கவைத்துப் பார்ப்பதுபோலச் சாய்த்தீர்களானால், வெயில் நேரத்தில் மொத்த அடையும் கட்டையிலிருந்து கழன்று காலடியில் விழும். எனக்கு இடது காலணிக்குள் விழுந்தது. தேனீக்களோடு.

உங்கள் மூன்றாம் படத்தில் உள்ள வாரே பெட்டியை விரைவாகக் கடந்துவிடுகிறேன். பிரெஞ்சுப் பாதிரியார் வாரே மக்களுக்கான பெட்டி என்று அமைத்தது. உள்ளே 30க்கு 30 சென்டிமீட்டர், உயரம் 21 சென்டிமீட்டர், எட்டுக் கட்டைகள். புது அறையை மேலே வைக்காமல் அடியில் சேர்ப்பார்கள். மரப்பொந்தில் தேனீ மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. தேனீயைத் தொந்தரவு செய்ய விரும்பாதவர்கள் இதை விரும்புகிறார்கள். எனக்கு உள்ள சங்கடம், அடியில் அறை சேர்க்க மேலே உள்ள மொத்த அடுக்கையும் தூக்க வேண்டும். அடைகள் சுவரோடு ஒட்டியிருப்பதால் நோய் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும் எளிதல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்களில், சட்டத்தை வெளியே எடுத்துப் பார்க்கக்கூடிய பெட்டியில்தான் தேனீ வளர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டத்துக்கே சட்டம்.

இப்போது நான்காம் படம். நால்வரில் மூவர் விரல் வைத்தது இதில்தான். குழாயிலிருந்து தேன் கண்ணாடிப் புட்டிக்குள் வழிகிறது, பக்கத்தில் ஒரு குழந்தை விரலை நீட்டுகிறது. இந்தக் குழாய்ப் பெட்டியை ஆஸ்திரேலியாவில் ஒரு தந்தையும் மகனும் உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். வேலைத்திறனில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிளாஸ்டிக் அடையின் அறைகள் பாதிப் பாதியாகப் பிரிந்தவை. சாவியைத் திருப்பினால் ஒரு பாதி சற்று நகர்ந்து, அறைகளுக்குள் வழி பிறந்து, மூடி உடையாமலே தேன் கீழே இறங்கும். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டுரை, "பெட்டியைத் திறக்கவே தேவையில்லை" என்று எழுதியது தவறு. குழாய் இருப்பது தேன் அறையில் மட்டும். அதன் கீழே இருப்பது அதே லாங்ஸ்ட்ராத் அடைகாப்பு அறை. இராணி முட்டையிடுகிறாளா, குடும்பம் பிரியத் தயாராகிறதா, புழுவுக்கு நோய் இருக்கிறதா என்று திறந்து பார்க்கத்தான் வேண்டும். சாவியைத் திருப்பும் முன்னும், அறைகளைத் தேனீ மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடாத அறையில் இருப்பது நீர் வற்றாத தேன், புட்டியில் புளித்துப் பொங்கும். அந்தப் பிளாஸ்டிக் அறைகளும் இத்தாலியத் தேனீயின் அளவு. என் மாணவிகள் கொண்டுவரப் போவது இந்தியத் தேனீ. தேன் எடுக்கும் வேலை வளர்ப்பவருக்கு ஆண்டில் சில நாள். மீதி நாட்களின் வேலையைப் படத்தில் காட்ட முடியாது என்பது புரிகிறது, இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

கடைசியாக, கட்டுரையில் எங்குமே வராத ஒன்று. பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் என்ன அளவு வைத்திருக்கிறார்? இதைக் கேட்காமல் பெட்டி வாங்கவே கூடாது என்பேன். ஒருமுறை என் பெட்டி ஒன்றில் இராணியும் இல்லை, புது இராணி வளர்க்க முட்டையும் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பெரியவர் மனமிரங்கி, முட்டையும் புழுவும் நிறைந்த சட்டம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஓடிவந்து என் பெட்டியில் இறக்கினால் உட்காரவில்லை. அவருடைய மேல்கட்டை என்னுடையதைவிட 6 மில்லிமீட்டர் நீளம். பெட்டி திறந்து கிடக்கிறது, முட்டை காய்ந்துகொண்டிருக்கிறது, கையில் சட்டம்.

வேறு வழியில்லை. அடையைச் சுற்றிலும் கத்தியால் அறுத்து, என் வெற்றுச் சட்டத்துக்குள் நிறுத்தி, எந்திரத்தில் கிடந்த பருத்தி நூலை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பொத்தானுக்குப் போடும் முடிச்சு. மறுநாளே அடையைச் சட்டத்தோடு மெழுகு வைத்து ஒட்டத் தொடங்கிவிட்டன. நான்காம் நாள் காலையில் வாசலில் குனிந்து பார்த்தேன். ஒரு தேனீ, தன் உடம்பைப்போல மூன்று மடங்கு நீளமுள்ள நூல்துண்டு ஒன்றை வாயில் கவ்வி, பின்னோக்கி நடந்து இழுத்துக்கொண்டு வந்தது. விளிம்பில் வந்து நூல் சிக்கியது. இன்னொன்று வந்து மறுமுனையைப் பிடித்தது. இரண்டும் சேர்ந்து தள்ளி நூலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டன. ஒரு வாரத்தில் ஐந்து சுற்று நூலையும் கடித்துத் துண்டு துண்டாக வெளியேற்றிவிட்டன. என் தையலை இவ்வளவு சுத்தமாகப் பிரித்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் குடும்பம் பிழைத்துக்கொண்டது. ஆனால் 6 மில்லிமீட்டர் ஒத்திருந்தால் அரை நிமிட வேலை.

எனவே ஒரு திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் கீழும் எந்தத் தேனீக்கு ஏற்றது, சட்டத்தின் நீளம் உயரம், பெட்டியின் உள்ளளவு, சட்டத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, நிறைந்த அறையின் எடை என்று ஐந்து விவரங்கள் போதும். இடம் போதாவிட்டால் குழாய்ப் படத்தைக் கொஞ்சம் சிறியதாக்கலாம். அந்த நால்வரையும் பெட்டி வாங்காமல் அடுத்த ஞாயிறுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒருத்தி பொறுமை இல்லாதவள், அதிக நாள் தாங்கமாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி

பின்குறிப்பு: இரண்டாம் படத்தில் புன்னகையோடு நிற்பவர், வெண்மையான புது அடையைக் கேமராவுக்குக் காட்ட வசதியாகப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். நல்ல வெயில் வேறு தெரிகிறது. படம் எடுத்த பிறகு என்ன நடந்தது என்று புகைப்படக்காரரைக் கேட்டு எழுத முடியுமா?